பரணில் கிடக்கும் படங்கள்: டிஸ்க்கிலேயே விடுவதா, ஃபைலாக மாற்றுவதா?

போகிக்கு இரண்டு நாள் முன்பு சித்தி மகன் ஒரு கட்டைப் பையோடு வீட்டுக்கு வந்தான். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். பையில் நூற்றைம்பது டிஸ்க்காவது இருக்கும். பாதிக்கு டப்பா இல்லை. மீதிக்கு டப்பா இருந்தது, ஆனால் உள்ளே வேறு படம்.

"அண்ணா, இதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா, இல்லை ஏதாவது செய்ய முடியுமா?"

பாயில் கொட்டிப் பார்த்தோம். மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விற்ற காலத்து விசிடிகள், ஒரே தட்டில் மூன்று படம் திணித்த "3 இன் 1" டிவிடிகள், யாரிடமோ இரவல் வாங்கித் திருப்பித் தராத இரண்டு புளூரே. எல்லாவற்றுக்கும் அடியில், மார்க்கரால் "ரிசப்ஷன் + முகூர்த்தம்" என்று எழுதிய ஒரு டிவிடி. அவனுடைய கல்யாணம், 2009. உடனே போட்டுப் பார்த்தோம். ரிசப்ஷன் அருமையாக ஓடியது. ஐஸ்கிரீம் வரிசையில் நான் இரண்டாம் முறை நிற்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் காலை, கெட்டிமேளம் தொடங்கி, தாலியைக் கையில் எடுக்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

இது தற்செயல் இல்லை. டிஸ்க்கில் பதிவு நடு ஓட்டைக்குப் பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக வளரும். கைபடுவதும் ஈரம் நுழைவதும் பெரும்பாலும் வெளி ஓரத்தில். அதனால் கடைசியில் பதிந்தது முதலில் போகும். இவன் டிஸ்க்கில் முகூர்த்தம் ஓரத்தில் இருந்தது.

அன்று அவனுக்குச் சொன்னதையும் அதற்கப்புறம் இருவரும் உட்கார்ந்து செய்ததையும்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். டிஸ்க் ஒசத்தியா, ஃபைல் ஒசத்தியா என்ற சண்டை எனக்கு அலுத்துவிட்டது. நான் ஒவ்வொரு டிஸ்க்கையும் கையில் எடுத்துக் கேட்பது ஒன்றுதான்: இது போனால் மறுபடி கிடைக்குமா?

1. முதலில் மூன்று குவியல்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் தரையில் மூன்று குவியல் போடுங்கள்.

முதல் குவியல், உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. கல்யாணம், சீமந்தம், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, பழைய வீடியோ கேசட்டிலிருந்து ஸ்டூடியோக்காரர் மாற்றிக் கொடுத்தவை. இவை எண்ணிக்கையில் ஐந்தோ பத்தோதான் இருக்கும். ஆனால் உங்கள் முதல் வார இறுதி முழுவதும் இவற்றுக்குத்தான். அபூர்வமான படங்களை எல்லாம் காப்பி எடுத்து முடித்துவிட்டு, அம்மா பாடிய கொலு வீடியோவைத் தொடாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாம் குவியல், தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்பவை. பதிப்பு நின்றுபோன டிவிடிகள், கறுப்பு வெள்ளைப் படங்கள், இணையத்தில் ஓரத்தில் சேனல் முத்திரையோடும் பாட்டு வெட்டுப்பட்டும் மட்டுமே கிடைக்கும் படங்களின் முழு நீளப் பிரதிகள். "சினிமாதானே, எங்கேயாவது ஒரு பிரதி இருக்கும்" என்று நினைக்காதீர்கள். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸுக்கே இன்று ஒரு பிரதி இல்லை.

மூன்றாம் குவியல், எந்த நேரமும் எங்கும் கிடைப்பவை. இதில் இரக்கம் காட்டாதீர்கள். போன வருடம் எத்தனை முறை பார்த்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொண்டு, வேண்டாததை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சித்தி மகன் பையில் இந்தக் குவியல்தான் நூறைத் தாண்டியது.

2. கையில் இருப்பது என்ன தட்டு என்று பாருங்கள்

பார்ப்பதற்கு எல்லாம் ஒரே வட்டம்தான். உள்ளே இருப்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

விசிடி ஒன்றில் 74 முதல் 80 நிமிடம்வரை அடங்கும். அதனால்தான் நம் படங்கள் இரண்டு தட்டாக, சில சமயம் மூன்றாக வந்தன. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். இன்றைய பெரிய டிவியில் போட்டால் நடிகரின் மூக்கு எங்கே முடிகிறது, உதடு எங்கே தொடங்குகிறது என்று ஊகிக்க வேண்டும். வேறு பிரதி கிடைக்காத படம் என்றால் ஒழிய விசிடியில் நேரம் செலவிடாதீர்கள்.

டிவிடி ஓரடுக்கு என்றால் 4.7 ஜிபி, ஈரடுக்கு என்றால் 8.5 ஜிபி. நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் 720க்கு 576 புள்ளிகள். ஒரே படம் இருக்கும் டிவிடி இன்றைக்கும் பார்க்கும்படி இருக்கும். "3 இன் 1" அப்படியில்லை. 4.7 ஜிபியை மூன்றாகப் பங்கு போட்டால் படத்துக்கு ஒன்றரை ஜிபிதான் வரும். கூட்டச் சண்டைக் காட்சி வந்தால் திரை முழுக்கக் கொசகொசவென்று ஆகிவிடும்.

இன்னொன்று. பால் டிவிடியில் நொடிக்கு 24 ஃபிரேமாக எடுத்த படம் 25 ஃபிரேமாக ஓடும். அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்திலேயே முடிந்துவிடும். ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். நான் ஒருமுறை போய் அசடு வழிந்திருக்கிறேன்.

புளூரே 25 அல்லது 50 ஜிபி. 4கே தட்டு 100 ஜிபிவரை போகும். வீட்டில் பெரிய திரையும் நல்ல ஸ்பீக்கரும் இருப்பவர்களுக்கு டிஸ்க்தான் இன்னும் முதலிடம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ். சாதாரணப் புளூரேவிலேயே படத்துக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ்வரை இடம் உண்டு. இருட்டுக் காட்சி ஒன்றை இரண்டிலும் போட்டுப் பாருங்கள், நான் விளக்க வேண்டியிருக்காது.

அப்புறம் தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். பளபளவென்று வெள்ளியாக இருந்தால் பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சடித்தது. ஊதாவோ பச்சையோ கலந்திருந்தால் ரைட்டரில் எழுதியது. எழுதும் தட்டில் தகவலைத் தாங்கி நிற்பது ஒரு சாயம்தான். வெயில் பட்டால் அது மங்கும். கல்யாண டிவிடி எல்லாமே இந்த வகை. அச்சடித்ததும் சாகாவரம் பெற்றதில்லை: 2006 முதல் 2008வரை தயாரான தங்கள் டிவிடிகள் சிலவற்றில் கோளாறு இருப்பதை வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது.

3. "வாங்கிய" படம் எல்லாம் ஃபைல் ஆகாது

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் குழம்பும் இடம் இது. ஆப்பில் காசு கட்டி "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தினால் படம் நம்முடையது என்று நினைக்கிறார்கள். நாம் வாங்குவது பார்க்கும் அனுமதியை மட்டும். 2019 ஜூலையில் அல்ட்ராவயலெட் என்ற படப்பெட்டகச் சேவை மூடப்பட்டது. வேறொரு சேவையோடு கணக்கை இணைத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். "இது உரிமம்தான், சொத்து இல்லை" என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024இல் சட்டமே போட்டது.

சந்தா கட்டிப் பார்ப்பதில் அந்த உறுதிகூட இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த அன்னபூரணி, எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஜனவரியில் காணாமல் போனது. அந்தப் படத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டவர்களுக்குப் படம் இல்லை.

இந்தக் கட்டுரையில் ஃபைல் என்று நான் சொல்வது உங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க்கில், இணையமும் கடவுச்சொல்லும் இல்லாமல் ஓடுவதை மட்டும்தான்.

4. வாங்க வேண்டிய சாமான்கள்

கம்ப்யூட்டர் பழசாக இருந்தாலும் போதும். இப்போதைய லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே இருக்காது என்பதால் யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டர் ஒன்று வேண்டும். புளூரே இருந்தால் அதற்கான டிரைவ் தனி, விலையும் கூடுதல். இரண்டு புளூரே டிஸ்க்குக்காக அதை வாங்காதீர்கள். வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள்.

ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்று வாங்கிவிட்டு அடுத்தது அப்புறம் என்று சொல்லாதீர்கள், ஏன் என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன். டிவிடிக்கு 7 ஜிபி என்று வைத்துக்கொண்டாலும் 4 டிபியில், அதாவது 4,000 ஜிபியில், ஐந்நூறுக்கு மேல் அடங்கும். புளூரே என்றால் நூறு சொச்சம். பென் டிரைவ் படத்தை டிவிக்குக் கொண்டுபோக மட்டும்தான். அதில் சேமித்து வைப்பது மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது மாதிரி.

வெளிநாட்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள், அது எந்த நாடுகளில் ஓடும் என்று குறிக்கும் மண்டல எண்ணைக் கவனியுங்கள். இந்தியா டிவிடியில் 5, புளூரேவில் சி. அமெரிக்கா டிவிடியில் 1, புளூரேவில் ஏ. கம்ப்யூட்டர் டிரைவில் டிவிடி மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்கப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். 4கே தட்டுகளுக்கு மண்டலம் கிடையாது.

5. காப்பி எடுப்பது

முதலில் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக. பாத்திரம் தேய்ப்பது போல வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஆரம் போலக் குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துவிடும். தடத்தோடு சேர்ந்து ஓடும் வட்டக் கீறல் அடுத்தடுத்த தகவலை மொத்தமாக அழித்துவிடும்.

டிவிடியையும் புளூரேவையும் காப்பி எடுக்க மேக்எம்கேவி என்ற மென்பொருளைத்தான் நான் பயன்படுத்துகிறேன். டிஸ்க்கைப் போட்டதும் உள்ளே இருப்பவற்றைப் பட்டியல் போடும். பத்து, பதினைந்து வரி வந்தால் பயப்பட வேண்டாம். விளம்பரம், முன்னோட்டம், மெனுவுக்குப் பின்னால் ஓடும் துண்டு எல்லாம் தனித்தனியாக வரும். நீளத்தைப் பாருங்கள். இரண்டு இரண்டரை மணி நேரம் இருப்பதுதான் படம். அதை மட்டும் டிக் செய்யுங்கள். ஒலித்தடங்களில் தமிழும் சப்டைட்டில் தடமும் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரே எம்கேவி ஃபைலாக வந்துவிடும். டிஸ்க்கில் 1 ஜிபி 1 ஜிபியாகத் துண்டு துண்டாகக் கிடப்பதை அது ஒட்டிக் கொடுக்கிறதே தவிர, படத்தின் தரத்தில் கை வைப்பதில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆசை வரும். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் போட்டு 7 ஜிபியை 1 ஜிபியாகச் சுருக்கிவிட்டால் இடம் மிச்சமாகுமே என்று. முதல் வருடம் நானும் எல்லாவற்றையும் சுருக்கினேன். போனில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரிய டிவி வாங்கிய அன்று எண்பது டிஸ்க்கை மறுபடி எடுக்க உட்கார்ந்தேன். ஹார்டு டிஸ்க்கில் இடத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அந்த எண்பது அரைமணி நேரத்தை யார் தருவார்கள்? எடுத்தது எடுத்தபடியே வையுங்கள். போனுக்கு வேண்டுமென்றால் தனியாக ஒரு சின்ன காப்பி.

விசிடியை மேக்எம்கேவி தொடாது. அதைத் திறந்தால் உள்ளே பெரிய டாட் (.dat) ஃபைல் ஒன்று இருக்கும். அப்படியே இழுத்து ஹார்டு டிஸ்க்கில் போட்டால் விஎல்சி என்ற இலவசப் பிளேயரில் ஓடும். பாதியில் பிழை காட்டி நின்றால் ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் எடுத்துப் பாருங்கள். விசிடியில் இடம் போதவில்லை என்று பிழைதிருத்தத்துக்கான கூடுதல் தகவலையும் எடுத்துவிட்டு அங்கேயும் படத்தையே எழுதினார்கள். அதனால் டிவிடி தாங்கும் கீறலை விசிடி தாங்காது.

முதல் குவியலுக்குத் தனி மரியாதை. படத்தை மட்டும் எடுக்காமல், முழு டிஸ்க்கையும் ஐசோ ஃபைலாக ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஸ்டூடியோக்காரர் போட்ட ரோஜாப்பூ மெனு, தலைப்புக்குப் பின்னால் ஓடும் பாட்டு எல்லாம் அதில் அப்படியே இருக்கும். இன்றைக்குச் சிரிப்பு வரும். இன்னும் இருபது வருடம் கழித்து அந்த மெனுவைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள்.

எடுத்து முடித்ததும் ஃபைலைத் திறந்து தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். கல்யாண வீடியோ என்றால் முழுதாகவே.

சட்டம் பற்றியும் கேட்பீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, காப்பி எடுக்க விடாமல் டிஸ்க்கில் போட்டிருக்கும் பூட்டை உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைக் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு 52ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. நான் வைத்திருக்கும் கோடு இது: காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், என் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். யாருக்கும் காப்பி கொடுப்பதில்லை, எங்கும் ஏற்றுவதில்லை, டிஸ்க்கை விற்றுவிட்டால் ஃபைலையும் அழித்துவிடுவேன். லண்டனில் இருக்கும் உறவினர்களுக்கு நிலைமை வேறு. சொந்தக் காப்பிக்கு அங்கே 2014இல் கொடுத்த அனுமதியை மறு வருடமே நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் நம் வீட்டுக் கல்யாண டிவிடியில் உடைக்க ஒரு பூட்டும் இருக்காது. எந்த நாட்டில் இருந்தாலும் அதைத் தயங்காமல் எடுங்கள்.

6. தட்டு படிக்கவில்லை என்றால்

தூக்கி எறியாதீர்கள். ஒரு டிரைவில் படிக்காதது இன்னொன்றில் படிக்கும். பழைய மேஜைக் கம்ப்யூட்டரின் உள் டிரைவ், யூஎஸ்பி டிரைவ் கைவிட்டதைக் கரையேற்றிய சமயங்கள் உண்டு. லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்திவிட்டு மறுபடி போடுங்கள். லினக்ஸ் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப முயலும் நிரல் அது. இரண்டு டிரைவில் மாற்றி மாற்றி ஓட்டி ஓட்டைகளை அடைக்கவும் முடியும். பற்பசை தேய்க்கும் வைத்தியம் கடைசி முயற்சி, அதுவும் அடிப்பக்கக் கீறலுக்கு மட்டும். லேபிள் பக்கம் உரிந்திருந்தால் எந்த வைத்தியமும் இல்லை. சிடியில், விசிடியில் தகவல் அந்தப் பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

சித்தி மகனின் முகூர்த்தம் இதில் எதற்கும் மசியவில்லை. நான்கு டிரைவ், இரண்டு இரவு, கடைசிப் பதினேழு நிமிடம் வரவே இல்லை. அப்போதுதான் அவன் மனைவி கேட்டாள், "பெண் வீட்டுக்கும் ஒரு செட் கொடுத்தார்களே, அது எங்கே?"

கும்பகோணத்தில் அவள் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருந்தது. அதே ஸ்டூடியோ எழுதிய அதே டிவிடி. பதினாறு வருடம் இருட்டில் கிடந்தது. அதே நாளில் எழுதிய இவர்கள் செட் ஜன்னலோரம் டிவி மேல் பல வருடம் இருந்துவிட்டுத்தான் பரணுக்குப் போயிருக்கிறது. கும்பகோணத்து டிஸ்க் முதல் முறையிலேயே கடைசிவரை படித்தது. ஆகவே உங்கள் வீட்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

7. ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பாதீர்கள்

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் இருநூற்றுச் சொச்சம் டிஸ்க்கை ஒரே 2 டிபி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தேன். அலமாரி காலியாகட்டும் என்று பாதி டிஸ்க்கை நண்பர்களுக்குக் கொடுத்தும் விட்டேன். ஒருநாள் மேஜை துடைக்கும்போது வயரோடு சேர்ந்து கீழே விழுந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. மறுபடி மாட்டினால் உள்ளே டக், டக் என்று பல்லி மாதிரி சத்தம். தகவலை மீட்டுத் தரும் கடையில் கேட்ட தொகைக்கு அதே மாதிரி நான்கு ஹார்டு டிஸ்க் வாங்கலாம். கொடுத்த டிஸ்க்கைத் திருப்பிக் கேட்க முகமும் இல்லை.

டிஸ்க்குக்கும் ஃபைலுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். டிஸ்க் ஒவ்வொன்றாகச் சாகும். ஹார்டு டிஸ்க் போனால் ஒரே நாளில் அத்தனையும் போகும். அதற்குப் பதிலாக, ஃபைலைச் சில நிமிடத்தில் இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுக்கலாம், அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசமே இருக்காது. அந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் டிஸ்க்கோடு இருந்துவிடுவதே மேல்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில். நமக்கு இது சுலபம். அசல் டிஸ்க் ஒரு பிரதி. வீட்டு ஹார்டு டிஸ்க் இரண்டாவது. இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து ஊரில் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைத்துவிட்டால் மூன்றாவது. தீபாவளிக்குப் போகும்போது கொண்டுபோய்ப் புதியதைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.

வேறு ஊர் என்று சொல்வது சும்மா இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய வீடுகளின் தரைத்தளத்தில் பீரோவும் கம்ப்யூட்டரும் ஒன்றாகத்தான் மூழ்கின. பக்கத்து அறையில் வைத்த இரண்டாவது பிரதியால் அன்றைக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் ஒன்று: சேற்றுத் தண்ணீரில் கிடந்த அச்சடித்த டிவிடியைக் கழுவிப் போட்டால் ஓடுவதற்கு வாய்ப்பு உண்டு, ஹார்டு டிஸ்க் அப்படியில்லை. ஃபைல் எடுத்த பிறகும் முதல் இரண்டு குவியல்களின் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது இதனால்தான்.

ரெய்டு என்று, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி இரண்டு ஹார்டு டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டிவிட்டு "பேக்கப் இருக்கிறது" என்பவர்கள் உண்டு. தவறுதலாக அழித்தால் அது இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

8. பெயர் வைப்பது

"புதிய படம் 2", "அப்பா டிவிடி கடைசி", "கடைசி உண்மையான கடைசி" என்றெல்லாம் பெயர் வைத்தால் ஆறே மாதத்தில் உங்களுக்கே புரியாது. படத்தின் பெயர், அடுத்து அடைப்புக்குறிக்குள் ஆண்டு. அவ்வளவுதான். பில்லா என்று மட்டும் போட்டால் 1980இல் வந்ததா, 2007இல் வந்ததா? சேர்த்த படங்களை டிவியில் அடுக்கிக் காட்டும் ஜெல்லிஃபின், கோடி (Kodi) போன்ற மென்பொருள்களும் ஆண்டை வைத்துத்தான் சரியான போஸ்டரைத் தேடி எடுக்கும். குடும்ப வீடியோவுக்குத் தேதியை முன்னால் போடுங்கள், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். தமிழிலேயே பெயர் வைக்கலாம், இப்போதைய கம்ப்யூட்டர் எதுவும் முரண்டு பிடிக்காது. சில பழைய டிவிகளில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

9. பார்ப்பது

ஹார்டு டிஸ்க்கை டிவியின் யூஎஸ்பியில் மாட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும். பென் டிரைவில் போடும்போது "ஃபைல் பெரியது" என்று மறுத்தால் அது ஃபேட்32 முறையில் இருக்கிறது என்று அர்த்தம். 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் காலி செய்துகொள்ளுங்கள். படம் ஓடிச் சத்தம் மட்டும் வரவில்லையென்றால் அந்த ஒலி வகையை டிவி ஏற்கவில்லை, டிவியோடு இணைக்கும் தனிப் பெட்டியில் விஎல்சி போட்டு ஓட்டினால் வரும். தமிழ் சப்டைட்டில் கேள்விக்குறியாக வந்தால் அந்தச் சின்ன ஃபைலை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 (UTF-8) என்று சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டில் இரண்டு மூன்று டிவி இருந்தால் ஜெல்லிஃபின் போடலாம். இலவசம். ஒரு பழைய கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் அது இல்லாமலே சமாளியுங்கள்.

10. டிஸ்க்கை வைக்கும் இடம்

புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது வளையும். வெயில் படாத உள் அறை. கடலோர ஊர்க்காரர்கள் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் உறை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் வைக்க டப்பாதான் நல்லது. அந்துருண்டை பக்கத்திலேயே வேண்டாம், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எழுத வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் கண்ணாடி வளையத்தில்.

இனி டிஸ்க்கே வாங்கிச் சேர்க்கப்போகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்க் இருந்தால் போதாது, ஓட்டுவதற்குக் கருவியும் இருக்க வேண்டும். நல்ல பிளேயருக்குப் பெயர்போன ஒப்போ 2018இலேயே நிறுத்திவிட்டது, சாம்சங் மறு வருடம். காலி புளூரே தட்டு தயாரிப்பதை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. கிடைக்கும்போதே டிரைவ் ஒன்று கூடுதலாக வாங்கி உறை பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படத்தையும் டிஸ்க்கில் வாங்கவும் வேண்டாம். திரும்பத் திரும்பப் பார்க்கும் இருபது முப்பது போதும்.

11. வருடத்தில் ஒருநாள்

ஹார்டு டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டு ஐந்து வருடம் கழித்து எடுத்தால் அது சுழலுமா என்பது அதன் இஷ்டம். வருடம் ஒருமுறையாவது மாட்டி, சில படங்களை அங்கங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். புது ஃபைலை இன்னொன்றுக்கு மாற்றும்போது சரிபார்க்கும் வசதியுள்ள டெராகாப்பி போன்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஐந்து வயதைத் தாண்டிய ஹார்டு டிஸ்க்குக்கு மாற்று வாங்கிவிடுங்கள், நன்றாக ஓடினாலும்.

எந்த நாள் என்று நிச்சயம் செய்யாவிட்டால் இது நடக்காது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. எப்படியும் எல்லாக் கருவியையும் எடுத்துத் துடைக்கும் நாள். ஹார்டு டிஸ்க் இரண்டையும் எடுத்து மாட்டி, ஓட்டிப் பார்த்து, வயரைச் சுருட்டி, அப்புறம்தான் பூஜைக்கு வைப்போம். போன வருடம் சித்தி மகனும் தன்னுடையதைக் கொண்டுவந்திருந்தான். தாலி கட்டும் இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டினான். பொட்டு வைக்கும்போது மட்டும் கவனம், சந்தனம் யூஎஸ்பி துளைக்குள் போய்விடக் கூடாது.